போனிலேயே போர்ட் ஃபார்வர்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் கேமரா, வைஃபை பொருத்திக் கொடுப்பது என் தொழில். போன வாரம் ஒருவர் கேட்ட அதே சந்தேகத்தை இந்த வாரம் வேறொருவர் கேட்பார். குடோன் கேமராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும், பழைய போனைக் கேமராவாக்க வேண்டும், காலேஜ் படிக்கும் பையன் தான் செய்த வெப்சைட்டை நண்பனுக்குக் காட்ட வேண்டும். கையில் பெரும்பாலும் போன் மட்டும்தான் இருக்கும். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, போனை வைத்தே செய்து பார்க்கும்படி பதில்களைத் தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள். முன்னால் சொன்னது தெரிந்தால்தான் பின்னால் வருவது புரியும்.

அண்ணா, போர்ட் ஃபார்வர்டிங்னா என்னங்க? எளிமையா சொல்லுங்க.

ஒரு பனியன் கம்பெனி வாசலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் என்று பல பிரிவுகள். ரோட்டுக்குத் தெரிவது ஒரே கேட், ஒரே முகவரி. உள்ளேயிருந்து யார் வெளியே போனாலும் வாட்ச்மேன் குறித்துக்கொள்வார். போனவர் திரும்பினால் உள்ளே விடுவார். முன்பின் தெரியாதவர் வந்து நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் வீட்டு ரவுட்டர் செய்வதும் இதே வேலைதான். “8000 என்று சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் பேக்கிங் பிரிவுக்கு அனுப்பு” என்று அந்த வாட்ச்மேனுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

போர்ட் என்பது வெறும் எண். 0 முதல் 65535 வரை இருக்கிறது. சாதாரண வெப்சைட்டுக்கு 80, பூட்டுப் போட்ட வெப்சைட்டுக்கு 443 என்று சில எண்களுக்கு வழக்கமான வேலை உண்டு. மற்றவற்றை நம் வசதிக்கு எடுத்துக்கொள்ளலாம்.

இதுக்கு கம்ப்யூட்டர் வேணுங்களா, போன்லயே முடியுமா?

போன் போதும். வைஃபை செட்டிங்கில் உங்கள் இணைப்பின் பெயரைத் தொட்டால் கேட்வே அல்லது ரவுட்டர் என்று ஒரு முகவரி தெரியும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1; ஜியோ ஃபைபர் வீடுகளில் 192.168.29.1. அதை குரோமில் அடித்தால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். திறக்கவில்லை என்றால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். வைஃபையில் நெட் வராத நேரங்களில் போன் தானாக டேட்டா பக்கம் போய்விடும், அதுதான் காரணம். பட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் குரோம் மெனுவில் டெஸ்க்டாப் சைட்டைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே போர்ட் ஃபார்வர்டிங் அல்லது வெர்ச்சுவல் சர்வர் என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கும். அதில் நிரப்ப வேண்டியது நான்கு: வெளியே தெரிய வேண்டிய போர்ட், உள்ளே இருக்கும் கருவியின் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்குள்ள எண்), அந்தக் கருவி கேட்கும் போர்ட், டிசிபியா யூடிபியா (டேட்டா அனுப்பும் இரண்டு முறைகள்) என்பது. கடைசியில் சேவ் கொடுத்துவிட்டு, பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்து, எழுதியது நிஜமாகவே பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சேவ் அழுத்தாமல் வெளியே வந்துவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர்.

எல்லாம் சரியா போட்டுட்டேன். ஆனா வெளியில இருந்து வரவே மாட்டேங்குதே?

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான். ரவுட்டரில் மணிக்கணக்காகத் தலையை உடைப்பதற்கு முன் இரண்டு நிமிடச் சோதனை ஒன்றைச் செய்யுங்கள். ரவுட்டர் பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று ஒன்று இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் “என் ஐபி என்ன” என்று தேடி, அங்கே காட்டும் ஐபிவி4 எண்ணை (புள்ளி வைத்து நான்கு பகுதியாக இருப்பது) பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கேட் உங்களுடையது. வேறு வேறாக இருந்தால் (வீட்டில் இரண்டு ரவுட்டர் இருப்பவர்கள் கடைசிக் கேள்வியை முதலில் பாருங்கள்), உங்கள் ரவுட்டருக்கு வெளியே இன்னொரு பெரிய கேட் இருக்கிறது. அதன் வாட்ச்மேன் உங்களிடம் சம்பளம் வாங்குபவர் இல்லை, உங்கள் நெட் கம்பெனியின் ஆள். நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டு அவர் கைக்குப் போவதே இல்லை.

இதற்குப் பெயர் சிஜிநாட். ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக இருப்பில் கடைசியாக மிஞ்சிய தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதற்குப் பிறகு, ஒரு வெளி முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போடுவது தவிர நெட் கம்பெனிகளுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. இதற்கென்றே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள முகவரிகள் 2012-இல் ஒதுக்கப்பட்டன. உங்கள் வான் ஐபி இந்த வரம்பில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், சிஜிநாட்தான். 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும், 192.168 என்று இருந்தாலும் வெளி உலகத்துக்கு அது செல்லாத முகவரி.

தீர்வு இரண்டு. நெட் கம்பெனியைக் கூப்பிட்டு பப்ளிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான வெளி முகவரி) அல்லது ஸ்டேட்டிக் ஐபி (மாறாத வெளி முகவரி) வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் தனிக் கட்டணம் இருக்கும், சில திட்டங்களில் கொடுக்கவே மாட்டார்கள். இல்லையென்றால் போர்ட் திறக்காத வழிக்குப் போக வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் புது ரவுட்டர் வாங்காதீர்கள். மூன்றாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்த பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்பவரிடம் “உங்க பழைய ரவுட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்லைங்க” என்று சொல்ல மனசு கஷ்டமாக இருக்கிறது.

வான் ஐபி ஒண்ணாத்தான் இருக்கு. வீட்டுல உட்கார்ந்து அந்த ஐபியை அடிச்சா வரலைங்களே?

வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளி முகவரியைக் கூப்பிட்டால், பல ரவுட்டர்களுக்கு அந்தக் கோரிக்கையைத் திருப்பி உள்ளே அனுப்பத் தெரியாது. அதனால் வேலை செய்யும் ஒன்றுகூடச் செய்யாதது போலத் தெரியும். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள். வெளியிலிருந்து வருகிறவர் எப்படி வருவாரோ அதே பாதை அது. போனை வைத்துச் சோதிப்பதில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: ஒரே கையில் உள்ளும் வெளியும் இருக்கிறது.

ஒரு தடவை ‘ரெஃப்யூஸ்டு’னு வருது, ஒரு தடவை ‘டைம்டு அவுட்’னு வருது. ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை, இரண்டும் இரண்டு கதை. ரெஃப்யூஸ்டு என்று உடனே வந்தால், உங்கள் கோரிக்கை ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, கதவைத் தட்டியும் விட்டது, ஆனால் அந்த எண்ணில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று பொருள். பாதை பெரும்பாலும் சரி. கேமராவோ ஆப்போ ஓடுகிறதா, போர்ட் எண் சரியா என்று பாருங்கள்.

டைம்டு அவுட் என்று பத்து, இருபது நொடி கழித்து வந்தால், நடுவில் எங்கோ சத்தமில்லாமல் விழுங்கிவிட்டார்கள். ஃபயர்வாலாக இருக்கலாம், தவறான உள் முகவரியாக இருக்கலாம், மேலே சொன்ன சிஜிநாட்டாக இருக்கலாம். என்னைக் கூப்பிடும்போது இந்த இரண்டில் எது வந்தது என்று மட்டும் சொன்னால், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, அப்புறம் தானா நின்னுபோச்சுங்க. நான் எதையும் தொடவே இல்லை.

நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள், கரண்ட் போய் வந்திருக்கும். ரவுட்டர் மறுபடி எழும்போது கருவிகளுக்கு உள் முகவரியைப் புதிதாகப் பங்கிடும். நேற்று 192.168.1.5 என்று இருந்த கேமரா இன்று 192.168.1.9 ஆகிவிடும். ரவுட்டரோ இன்னும் 5-க்கே ஆள் அனுப்பிக்கொண்டிருக்கும். காங்கயம் ரோட்டில் ஒரு குடோனில் இப்படித்தான். அன்று 5-ஆம் எண் பில்லிங் பிரிண்டருக்குப் போயிருந்தது. முதலாளி வீட்டிலிருந்து கேமராவைத் திறந்தால் பிரிண்டரின் பக்கம் வந்து நிற்கிறது. ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்து இரவு பத்தரை மணிக்குக் கூப்பிட்டார். ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் கேமராவின் மேக் அட்ரஸுக்கு (கருவியை அடையாளம் காட்டும் எண்) ஒரு நிலையான முகவரியை எழுதி வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை.

போனையே சர்வராக வைக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் அட்ரஸைக் காட்டுகின்றன. வெளியிடங்களில் அது நல்ல பாதுகாப்பு. வீட்டு வைஃபைக்கு மட்டும், அந்த இணைப்பின் பிரைவசி பகுதியில் போனின் நிஜ மேக் அட்ரஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு ரிசர்வேஷன் போடுங்கள்.

உள் முகவரி மாறவில்லை, வெளி முகவரிதான் மாறியது என்றால், டக்டிஎன்எஸ், நோஐபி மாதிரி டைனமிக் டிஎன்எஸ் (டிஎன்எஸ் என்பது பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) சேவை ஒன்றில் ஒரு பெயர் வாங்கி ரவுட்டரில் கொடுத்துவிடுங்கள். எண் மாறினாலும் பெயர் மாறாது. ஆனால் சிஜிநாட்டுக்கு இது மருந்து இல்லை.

பழைய போன் ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே கேமராவாவோ சர்வராவோ ஆக்கலாமா?

தாராளமாக ஆக்கலாம், நல்ல உபயோகமும்கூட. ஐபி வெப்கேம் என்ற ஆப் போட்டால் 8080 போர்ட்டில் படம் ஓடும். கட்டளை அடித்து வேலை செய்யத் தெரிந்தவர்கள் டெர்மக்ஸ் (போனில் கட்டளை அடிக்கும் ஆப்) போட்டு, வேறு கருவியிலிருந்து அந்தப் போனுக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓட்டலாம்; அது 8022-இல் கேட்கும். ஏன் வழக்கமான 22-இல் இல்லை என்று கேட்பார்கள். ரூட் செய்யாத (முழு அதிகாரத்தைத் திறக்காத) ஆண்ட்ராய்டில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைச் சாதாரண ஆப் திறக்க முடியாது. அதனால் ஒன்றும் நஷ்டமில்லை. வெளியே 443, உள்ளே 8080 என்று ரவுட்டரில் மாற்றி எழுதிக்கொள்ளலாம். டெர்மக்ஸை எஃப்டிராய்டு என்ற ஆப் ஸ்டோரிலிருந்து எடுங்கள். அதை உருவாக்குகிறவர்களே அதைத்தான் சொல்கிறார்கள்.

போன் தூங்கப் போவதுதான் பெரிய தொல்லை. திரை அணைந்து சிறிது நேரத்தில் ஆண்ட்ராய்டு பின்னணி ஆப்களை அடக்கிவிடும். அந்த ஆப்பை மட்டும் பேட்டரி ஆப்டிமைசேஷனிலிருந்து விலக்குங்கள். ஐபோனில் இந்த வேலைக்கே வழி குறைவு. திரையை விட்டு நகர்ந்த ஆப்பை அது சீக்கிரம் நிறுத்திவிடும். இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். இருபத்து நாலு மணி நேரமும் சார்ஜரில் கிடக்கும் பழைய போனின் பேட்டரி ஊதக்கூடும். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை பின்மூடியைத் தொட்டுப் பாருங்கள். மேடு தட்டினால் அன்றே எடுத்துவிடுங்கள்.

வைஃபை இல்லைங்க, தோட்டத்துல சிம் நெட்தான். அந்த போனுக்கு போர்ட் திறக்க முடியுமா?

ஐபிவி4-இல் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மொபைல் நெட்டில் சிஜிநாட் பொது வழக்கம். எழுதிக் கொடுக்க ரவுட்டர் பக்கமும் உங்களிடம் இல்லை. ஹாட்ஸ்பாட் போட்டு அதில் கேமராவை இணைத்தால் சிக்கல் கூடும். போன் தன் பங்குக்கு ஒரு கேட்டைச் சேர்த்துவிடும், அதில் ஃபார்வர்டிங் செட்டிங்கே இருக்காது. உங்கள் தோட்டத்துக்கு, அடுத்த பதிலில் சொல்லும் வழிதான் சரி.

அப்ப ஸ்டேட்டிக் ஐபி இல்லாதவங்க என்னதான் செய்யறது?

முதல் பதிலில் சொன்ன வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள். உள்ளேயிருந்து வெளியே போகிறவரை அவர் தடுப்பதில்லை. உங்கள் கருவியே வெளியே போய், வெளியிலுள்ள ஒரு சர்வரோடு கையைக் கோத்துக்கொண்டு நின்றால், அந்தக் கை வழியாகவே நீங்கள் உள்ளே வந்துவிடலாம். கேமரா டிவிஆர்களில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து சேர்க்கும் பி2பி முறை இந்த யோசனைதான். குடோன் கேமரா மட்டும்தான் தேவை என்றால் அதையே போடுங்கள். போர்ட் ஒன்றும் வேண்டாம்.

அதற்கு மேல் தேவைப்பட்டால் நான் முதலில் சொல்வது டெயில்ஸ்கேல். இரண்டு கருவியிலும் ஆப் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது போலப் பேசிக்கொள்ளும். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. இது தரும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், அதைப் பார்த்து சிஜிநாட் என்று குழம்ப வேண்டாம். இதுவும் ஒரு விபிஎன்தான் (இணையத்துக்குள் போடும் தனிப் பாதை). ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும் என்பதால், ஆபீஸ் விபிஎன் போட்டால் இது நின்றுவிடும். இதையும் மறந்துவிட்டு “வரல” என்பார்கள்.

வெப்சைட்டை நண்பனுக்குக் காட்ட நினைக்கும் மாணவர்களுக்கு என்கிராக் அல்லது கிளவுட்ஃப்ளேர் டனல் நல்லது. ஒரு கட்டளையில் ஒரு இணைப்பு முகவரி கிடைக்கும், அனுப்பிவிடலாம். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நெட்வொர்க் பார்க்க எந்த ஆப் வெச்சுக்கணும்?

என் போனில் மூன்று இருக்கின்றன: வீட்டில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று காட்ட ஃபிங், பிங்கும் (ஒரு முகவரிக்குக் குரல் கொடுத்து, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது) போர்ட் சோதனையும் செய்ய பிங்டூல்ஸ், மற்ற எல்லாவற்றுக்கும் டெர்மக்ஸ். ஆனால் ஆப்பைவிட சோதிக்கும் வரிசைதான் முக்கியம்.

நெட் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டால் நான் போய் முதலில் செய்வது இது. ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு, பிங் போடுவேன். பக்கத்தில் நின்றால் சில மில்லிசெகண்டில் பதில் வர வேண்டும். 3, 4, 180, 5, 240 என்று குதித்தால் கோளாறு வீட்டு வைஃபையிலேயே இருக்கிறது. கம்பெனிக்குப் போன் செய்து பயனில்லை. அது சீராக இருந்தால், வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்குப் போடுவேன். அங்கே விட்டு விட்டு வந்தால் வெளி லைன். அதுவும் சரியாக இருந்து வெப்சைட் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ். மூன்று பிங், மூன்று பதில். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அந்த ஆப் ஏன் லொகேஷன் கேக்குது? மேக் அட்ரஸையும் காட்ட மாட்டேங்குதே?

சுற்றியுள்ள வைஃபை பெயர்களை வைத்தே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் வைஃபை ஸ்கேனுக்கு ஆண்ட்ராய்டு லொகேஷன் அனுமதி கேட்கிறது. அந்த ஆப் உபயோகத்தில் இருக்கும்போது மட்டும் என்று கொடுத்தால் போதும். ஐபோனில் ஆப் ஒரு கருவியையும் காட்டவில்லை என்றால், லோக்கல் நெட்வொர்க் அனுமதியை முதல் தடவையே மறுத்திருப்பீர்கள், செட்டிங்கில் போய்த் திறந்துவிடுங்கள்.

மேக் அட்ரஸ் மறைந்தது ஆப்பின் தவறு இல்லை. ஆண்ட்ராய்டு 10 முதல் அந்தப் பட்டியலைப் படிக்கும் வழிகள் ஒவ்வொன்றாக அடைக்கப்பட்டன. ரவுட்டர் பக்கத்தில் இணைந்த கருவிகள் என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

யூபிஎன்பியை ஆன் பண்ணா எல்லாமே தானா நடக்கும்னு யூடியூப்ல சொல்றாங்களே?

நடக்கும். உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் யாரையும் கேட்காமல் தனக்கு வேண்டிய போர்ட்டைத் திறந்துகொள்ளும். மலிவு விலை பல்பும், எங்கிருந்தோ இறக்கிய ஆப்பும்கூட. நான் பொருத்தும் இடங்களில் அதை அணைத்துவிடுவேன்.

என் குடோன் கேமராவை யாருங்க தேடி வரப் போறாங்க?

உங்களை யாரும் தேடுவதில்லை. எல்லோரையும் மொத்தமாகத் தேடுகிறார்கள். 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஜீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். ஒரே கம்ப்யூட்டரிலிருந்து, ஒரு போர்ட்டுக்கு, ஐபிவி4 இணையம் முழுவதையும் சுமார் 45 நிமிடத்தில் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள். நீங்கள் ஃபார்வர்டிங் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய் வருவதற்குள் யாரோ தட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படித்தான் பரவியது. கேமராக்களையும் டிவிஆர்களையும் கண்டுபிடித்து, கம்பெனியிலிருந்து வந்தபோதே இருக்கும் சுமார் 60 யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான், அதுவே போதுமானதாக இருந்தது. அந்த அக்டோபரில் அந்தக் கருவிகளைக் கொண்டு டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை பல மணி நேரம் தடுமாறின. அட்மின், 12345 என்ற பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், அப்புறம் போர்ட்டைத் திறங்கள். இந்த வரிசையை மட்டும் யாருக்காகவும் மாற்ற மாட்டேன்.

யூஎஸ்பி கேபிள் போட்டு ஏடிபி ஃபார்வர்டுனு ஒண்ணு இருக்காமே, அதுவும் இதுதானா?

பெயர் ஒன்று, இடம் வேறு. அது ஆப் எழுதுகிறவர்களுக்கானது. லேப்டாப்பின் ஒரு போர்ட்டைக் கேபிள் வழியாகப் போனின் போர்ட்டோடு இணைக்கும். ஏடிபி ரிவர்ஸ் என்றால் போனிலிருந்து லேப்டாப்புக்கு. ரவுட்டருக்கு இதில் வேலையே இல்லை. சோதனைக்காக ஏடிபியை வைஃபையில் திறந்தால் 5555 என்ற போர்ட் கேட்கத் தொடங்கும். அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். 2018 பிப்ரவரியில் ஏடிபி மைனர் என்ற புழு, திறந்து கிடந்த அந்த போர்ட் வழியாகத்தான் ஆண்ட்ராய்டு போன்களிலும் டிவி பெட்டிகளிலும் புகுந்தது.

பக்கத்து வீட்டு நெட்டை ஸ்கேன் பண்ணிப் பார்க்கலாமா அண்ணா, சும்மா கத்துக்கத்தான்?

வேண்டாம் தம்பி. உரிமையாளர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கருவிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளில் வரும். மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கற்றுக்கொள்ள உன் வீட்டு ரவுட்டரும் ஒரு பழைய போனும் போதும். டெர்மக்ஸில் என்மேப் (எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்கும் கருவி) போட்டு அந்தப் போனை ஸ்கேன் செய். ஐபி வெப்கேமைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை. 8080 தோன்றி மறைவதைப் பார்க்கும்போது போர்ட் என்றால் என்ன என்பது தானே விளங்கும்.

எங்க வீட்டுல ரெண்டு ரவுட்டர். வான் ஐபி 192.168-னு காட்டுது, ஆனா நெட் கம்பெனி பப்ளிக் ஐபி குடுத்துட்டோம்ங்கறாங்க. யார் சொல்றது சரி?

இருவரும் சரி. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியே ஒரு ரவுட்டர். அதன் பின்னால் நீங்கள் வாங்கியதைச் சேர்த்ததில், வீட்டுக்குள்ளேயே இரண்டு கேட் ஆகிவிட்டது. நீங்கள் பார்த்தது இரண்டாவது ரவுட்டரின் வான் ஐபி. முதல் பெட்டியின் பக்கத்தைத் திறந்து அங்கே பாருங்கள், கம்பெனி கொடுத்த முகவரி தெரியும். நான் மேலே சொன்ன ஒப்பிடும் சோதனையையும் அந்தப் பெட்டியில் செய்தால்தான் கணக்கு.

வழி மூன்று. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுவது பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அது வைஃபை மட்டும் கொடுக்கும், கேட் வேலையை விட்டுவிடும். ஓஎன்டியை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லி நெட் கம்பெனியைக் கேட்கலாம். இரண்டும் முடியாவிட்டால் முதல் பெட்டியில் இரண்டாவது ரவுட்டருக்கும், இரண்டாவதில் கேமராவுக்கும் என்று இரண்டு இடத்திலும் ஃபார்வர்டிங் எழுதுங்கள். இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால் ஒன்றை 192.168.2.1 என்று முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றிய எண்ணை ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள்.